தட்டில் கிடந்த தவளையும் குட்டையில் கத்தும் தவளையும்

நல்ல மழை பெய்து ஓய்ந்த இரவில் நீங்கள் எப்போதாவது தாம்பரத்துக்குக் கிழக்கே போயிருக்கிறீர்களா? சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் ஓரத்திலோ, இன்னும் வீடு எழும்பாத காலி மனைகளில் தேங்கிய நீரின் பக்கத்திலோ ஐந்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். முதலில் காதில் விழுவது வெறும் இரைச்சல். சற்றுப் பொறுத்தால் அந்த இரைச்சல் தனித்தனிக் குரல்களாகப் பிரியும். ஒன்று தொண்டையைச் செருமுவது போலக் 'கொர்ர்' என்கிறது. ஒன்று மரக்கட்டையைத் தட்டுவது போல 'டொக் டொக்' என்கிறது. மற்றொன்று நிறுத்தாமல் ஒரே சுருதியில் இழுக்கிறது. ஒவ்வொரு குரலும் ஒவ்வோர் இனம். கத்துபவை ஆண்கள். தன் இனத்தின் குரல் எது என்று பெண் தவளைக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது.

பகலில் போனால் வேறொரு காட்சி கிடைக்கலாம். நம் ஊரின் மிகப் பெரிய தவளையை மாட்டுத் தவளை என்பார்கள். இனப்பெருக்கக் காலத்தில் அதன் ஆண் எலுமிச்சை மஞ்சளாக மாறிவிடும். தொண்டையின் இரு பக்கமும் நீல நிறப் பைகள் உப்பும். பாடப் புத்தகத்தில் பச்சையும் பழுப்புமாகப் பார்த்த பிராணியா இது என்று திகைத்துப் போவீர்கள்.

உயிரியலை எப்படிக் கற்றால் மனத்தில் நிற்கும் என்று மாணவர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், எப்படிக் கற்கக் கூடாதோ அப்படிக் கற்றதிலிருந்து வந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெழுகுத் தட்டில் ஒரு பாடம்

1970களில் நான் புகுமுக வகுப்பில் படித்தேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் இதுதான் முறை. வாரம் ஒரு நாள் விலங்கியல் செய்முறை வகுப்பு. ஈரச் சாக்கில் உயிருள்ள தவளைகள் வந்து இறங்கும். குளோரோபாரம் காட்டி மயக்கி, மெழுகு ஊற்றிய தட்டில் மல்லாத்தி, நான்கு கால்களிலும் குண்டூசி குத்தி, எங்களிடம் கொடுப்பார்கள். தமிழ்நாட்டு ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் அறுபட்டது குளத்துப் பச்சைத் தவளை. 'ரானா ஹெக்சாடாக்டைலா' என்ற அதன் பெயரை மனப்பாடம் செய்தோம். இப்போது அறிவியலார் அதை 'யூஃப்ளிக்டிஸ்' என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். தவளையைத் திறப்பதற்கு முந்தின இரவே நாங்கள் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து முடித்துவிடுவோம். அண்ணன்மாரின் பழைய நோட்டைப் பார்த்து இருதயம், கல்லீரல், சிறுகுடல் எல்லாவற்றையும் வரைந்து, கோடு இழுத்து, பெயரும் எழுதியாகிவிடும். மறுநாள் தட்டில் இருப்பது படத்தைப் போல இல்லாவிட்டால் தவறு தவளையுடையது! படத்தைத் திருத்த வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

ஒரு நாள் என் மேசைத் தோழனின் கத்தரி நழுவி இரைப்பையில் பட்டுவிட்டது. உள்ளேயிருந்து பச்சையாக, மசித்த கீரை போல ஏதோ வெளியே வந்தது. 'அழுக்கு' என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டோம். அன்று மாலை நோட்டில் 'உணவு: பூச்சிகள், புழுக்கள்' என்று எழுதினோம். ஆசிரியர் சிவப்பு மையால் 'சரி' போட்டார்.

பல ஆண்டுகள் கழித்து, விலங்கியலாளர் இந்திரனில் தாஸ் 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அவர் ஆராய்ந்தது இதே பச்சைத் தவளையின் உணவை. வளர்ந்த தவளைகள் உண்பதில் பெரும்பங்கு தாவரம், அதிலும் இலைகள்! தவளை என்றாலே நாக்கை வீசிப் பூச்சி பிடிக்கும் பிராணி என்றுதான் நாம் நினைக்கிறோம். உலகில் இலை தின்னும் தவளைகள் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தில் ஒன்று எங்கள் தட்டிலேயே கிடந்தது. அதன் வயிற்றில் இருந்த சாட்சியத்தைக் குழாயடியில் கழுவி ஊற்றியவர்களில் நானும் ஒருவன்.

இதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கையில் தவளை இருந்தது. கத்தரி இருந்தது. கண்ணும் இருந்தது. ஆனால் என்ன தெரிய வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டதால், எதிரே இருந்தது தெரியவில்லை.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

தவளையை வகுப்பறைக்குக் கொண்டு வந்தவர்கள் கெட்ட நோக்கத்தோடு அதைச் செய்யவில்லை. சொல்லப்போனால், அது ஒரு பெரிய சீர்திருத்தம். இங்கிலாந்தில் டார்வினின் நண்பர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 1870களின் தொடக்கத்தில் லண்டன் சவுத் கென்சிங்டனில் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினார். அதுவரை உயிரியல் என்பது சொற்பொழிவைக் கேட்டு எழுதுவதாகவே இருந்தது. அவரோ ஆசிரியர்களை மேசை முன் உட்கார வைத்து, நுண்ணோக்கியையும் கத்தியையும் கையில் கொடுத்தார். 1875இல் மார்ட்டின் என்பவருடன் சேர்ந்து அந்தப் பாடங்களை நூலாக வெளியிட்டார். ஈஸ்டில் தொடங்கி அமீபா, அவரை வகைச் செடி, நத்தை இனச் சிப்பி, நண்டு வகை என்று படிப்படியாக ஏறித் தவளையில் முடியும் வரிசை அது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மாதிரி உயிர். நம் நாட்டுக் கல்லூரிகளின் செய்முறைப் பாடங்களும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவைதாம்.

'நீயே பார்' என்பதே ஹக்ஸ்லியின் நோக்கம். நூறு ஆண்டுகள் கடந்து எங்களிடம் வந்து சேர்ந்தபோது பார்ப்பது போய், குண்டூசியும் தட்டும் மட்டும் மிஞ்சியிருந்தன.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஹார்வர்டில் லூயி அகாசி என்ற பேராசிரியர் இருந்தார். அவரிடம் பூச்சியியல் படிக்க வந்த சாமுவேல் ஸ்கட்டர் என்ற மாணவர் கையில் ஒரு மீனைக் கொடுத்து, 'இதைப் பார்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டதாக மாணவர் நினைத்தார். ஆசிரியரோ திரும்பி வரவில்லை. வேறு வழியின்றி மீனை மேலும் கீழும் புரட்டினார், பற்களைத் தொட்டார், செதில்களை எண்ணினார், கடைசியில் பொழுது போகாமல் வரைய ஆரம்பித்தார். வரையத் தொடங்கிய பிறகுதான் புதுப்புது விவரங்கள் கண்ணில் பட்டனவாம்! மூன்று நாள் அந்த மீனோடு கழிந்தது. பின்னாளில் ஸ்கட்டர் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றியும் புதைபடிவப் பூச்சிகளைப் பற்றியும் பெரிய ஆராய்ச்சியாளர் ஆனார்.

எங்களுக்கு மூன்று நாள் யாரும் தரவில்லை. தந்திருந்தாலும் முந்தின இரவே வரைந்த படம் குறுக்கே நின்றிருக்கும்.

சேலையூர்க் காட்டில் ஒரு வேதியியல் பேராசிரியர்

தாம்பரத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1837இல் ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளியாகத் தொடங்கியது. நூறு ஆண்டுகள் கழித்து, 1937இல், தாம்பரத்தில் சேலையூர்க் காட்டின் ஒரு பகுதிக்கு இடம் மாறியது. முட்புதரும் குட்டை மரங்களும் நிறைந்த நிலம். அங்கே வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ், தம் மனைவி ஆலிஸ் பார்ன்ஸுடன் சேர்ந்து மரங்களை நட்டார். உள்ளூர்ச் செடிகளையும் தென்னிந்திய மலைச் செடிகளையும் தேடித் தேடிப் பார்த்து எழுதினார். மலைகளில் வளரும் ஒரு கிழங்குச் செடிக்கு 'அரிசீமா பார்ன்சியை' என்று தாவரவியலார் அவருடைய பெயரையே வைத்தார்கள். ஒரு வேதியியல் ஆசிரியர்! தாவரவியல் அவருக்கு ஒதுக்கிய பாடவேளையில் இல்லை. செடிகள் அவர் நடந்த வழியில் இருந்தன, அவ்வளவுதான்.

அதே கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியையும் சொல்ல வேண்டும். வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை அவர் கணிதக் கண்ணால் பார்த்தார். 1974இல் ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை, கோலங்களைக் கணிப்பொறி அறிவியலின் 'இலக்கண' விதிகளாக எழுதிக் காட்டியது. நம் அம்மாவும் பாட்டியும் தினம் காலையில் போட்டு, நாம் தினம் மிதித்துப் போகும் கோலம் அது.

சேலையூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ரோமுலஸ் விட்டேகரின் பாம்புப் பண்ணை முதலில் இங்கேதான் இருந்தது; 1972இல் கிண்டிக்குப் போனது. புற்றைப் பார்த்தும் மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தும் உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லும் இருளர்களே விட்டேகருக்கு ஆசிரியர்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தார்கள்?

இனி தவளையை அறுக்க முடியாது

இப்போது காலம் மாறிவிட்டது. தவளைக் கால்களை வெளிநாடுகளுக்கு டன் கணக்கில் ஏற்றுமதி செய்துவந்த நம் நாடு, 1987இல் அதைத் தடை செய்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் விலங்குகளை அறுக்கும் பயிற்சியைப் படிப்படியாகக் கைவிடச் சொல்லியது. 2014இல் அதை முழுமையாக நிறுத்தச் சொல்லியது. கிண்டி வேளச்சேரி சாலையில் உள்ள புளூ கிராஸ் அமைப்பு, தவளையைக் கணிப்பொறித் திரையிலேயே 'அறுத்துப்' பார்க்கும் 'கம்ப்யூ ஃபிராக்' என்ற மென்பொருளை உருவாக்கியது.

இது நல்லதா என்று கேட்டால், தவளைக்கு நல்லது, சந்தேகமே இல்லை. அறுவையால் அறிவியலுக்கு ஒரு பயனும் இல்லை என்றும் சொல்லமாட்டேன். தமனிக்கும் சிரைக்கும் இடையே இரத்தம் எப்படிப் போகிறது என்ற புதிரை 1661இல் இத்தாலியரான மால்பிகி அவிழ்த்தது தவளையின் நுரையீரலில் தந்துகிகளைப் பார்த்துத்தான். ஆனால் மால்பிகிக்கு விடை முன்கூட்டித் தெரியாது. எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம்.

திரைத் தவளையிலும் அதே ஆபத்து இருக்கிறது. அதன் இருதயம் எப்போதும் புத்தகத்தில் உள்ள இடத்திலேயே இருக்கும். அதன் வயிற்றில், எழுதியவர் வைத்ததைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அதில் ஓர் இலைத்துணுக்கு ஒருநாளும் அகப்படாது. உறுப்புகளின் இருப்பிடம் தெரிந்துகொள்ள அது போதும். பிறகு நீங்கள் வெளியே வந்தாக வேண்டும்.

கறிக்கடையும் மீன் கடையும்

உள்ளுறுப்பைக் கையால் தொட்டுப் பார்க்க ஆசையா? ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போங்கள். 'அண்ணா, ஆட்டு இருதயம் ஒன்று வேண்டும், கீறாமல் முழுசாகக் கொடுங்கள்' என்று கேளுங்கள். கீறாமல் என்பதை அழுத்திச் சொல்லுங்கள், பழக்கத்தில் வெட்டிவிடுவார்கள். வீட்டில் கழுவிவிட்டு, கீழ்ப்பகுதியை இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் தளர்ச்சியாக இருக்கும், மறுபக்கம் கெட்டியாக இருக்கும். நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, உடம்போ பெரிது. எந்தப் பக்கம் எங்கே இரத்தத்தைத் தள்ளுகிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். மேலே தெரியும் பெருந்தமனியில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே மூன்று சிறு பைகள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டி வழியை அடைக்கும். அரைச்சந்திர வால்வு என்று நாம் உருப்போட்டது இதைத்தான்! பிறகு இருதயத்தை அம்மாவிடம் கொடுத்துவிடலாம், வீணாகாது.

மீன் கடையில் செலவே இல்லை. தலையை வெட்டும்போது செவுளைத் தூக்கி எறிவார்கள். ஒரு மத்தி மீனின் செவுளையும் ஒரு வஞ்சிரத்தின் செவுளையும் கேட்டு வாங்குங்கள். சிவப்பு இழைகளைப் பார்க்காதீர்கள். அவை இரண்டிலும் ஒரே மாதிரிதான். வளைவின் உட்பக்கத்தைப் பாருங்கள். மத்தியில் சீப்புப் பல் போல நெருக்கமான நீண்ட முட்கள். வஞ்சிரத்திலோ குட்டையாக, விரல் விட்டு எண்ணும்படி சில. நீரை வடிகட்டி நுண்ணுயிர்களைத் தின்னும் மீன் எது, துரத்திப் பிடித்து விழுங்கும் மீன் எது? கடைக்கார அம்மாவிடம் இதைச் சொன்னால், கூடவே வேறு நான்கு மீன்களின் செவுளையும் அவரே எடுத்துக் காட்டுவார்.

மறுபடியும் குட்டைக்கு

குட்டையில் மழைக்குப் பிறகு முட்டைகளைத் தேடுங்கள். கருமணிகள் கோத்த நீண்ட பசை இழை நீர்ச்செடிகளைச் சுற்றிக் கிடந்தால், அது தேரையின் முட்டை. நீருக்கு மேலே கிளையிலோ தொட்டிச் சுவரிலோ சோப்பு நுரை உருண்டை போல ஒட்டியிருந்தால், மரத்தவளை கட்டிய நுரைக் கூடு. உள்ளே பொரிக்கும் குஞ்சுகள் நுரை கரைந்ததும் கீழே உள்ள நீரில் சொட்டும்.

தேரையின் தலைப்பிரட்டைகள் பத்து போதும். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் அதே குட்டையின் நீரை ஊற்றி, கொஞ்சம் பாசியும் போட்டு, நிழலில் வையுங்கள். குழாய் நீரை நேரே ஊற்றாதீர்கள். அதிலுள்ள குளோரின் கொன்றுவிடும். மற்ற தவளைகளைப் பிடிக்கவே வேண்டாம். மாட்டுத் தவளை போன்றவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. கரையில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

தலைப்பிரட்டையின் வயிற்றுப் பக்கம் கடிகாரச் சுருள்வில் போலச் சுற்றிய குடல் தோலுக்கு வெளியே தெரியும். பாசி தின்னும் உடலுக்கு நீளமான குடல் வேண்டும். தேரையாக மாறி, பூச்சி தின்னத் தொடங்கும் முன் அந்தக் குடல் சுருங்கிவிடுகிறது. வால் அறுந்து விழுவதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, உடல் அதை உள்ளிழுத்துக்கொள்கிறது. அந்த நாட்களில் வாய் மாறிக்கொண்டிருப்பதால் அது ஒன்றும் தின்பதில்லை. கரையும் வாலே அதற்கு உணவு.

பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால், ஒரு தலைப்பிரட்டையை ஈரப் பஞ்சில் படுக்க வைத்து, வாலை மட்டும் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஒரு நிமிடம்தான், பிறகு நீரில் விட்டுவிடுங்கள். வாலின் கண்ணாடித் தோலுக்குள் இரத்த அணுக்கள் வரிசையாக ஓடுவது தெரியும். பெரிய குழாயில் பாய்ச்சல், கிளையில் தயக்கம், தந்துகியில் ஒற்றை வரிசை. மால்பிகி கண்டதை, ஓர் உயிரைக் கொல்லாமலே நீங்களும் கண்டுவிடலாம்.

1912இல் குடர்னாட்ச் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியைத் தின்னக் கொடுத்தார். அவை வளரும் முன்பே அவசர அவசரமாகக் குட்டித் தவளைகளாக மாறின. ஹார்மோன்களைப் பற்றி நாம் படிக்கும் பாடத்தில் ஒரு பக்கம் இப்படிப் பாத்திரத்தில் நீந்திய பிராணிகளிடமிருந்து வந்தது.

ஒரு எச்சரிக்கை. தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். இரவில் டார்ச் இல்லாமல், பெரியவர் ஒருவர் துணையில்லாமல் ஏரிக்கரைக்குப் போகாதீர்கள். வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இதற்கெல்லாம் வகுப்பில் நேரமில்லை, தேர்வுக்கு உதவாது என்பார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. நான்கு நான்கு பேராகப் பிள்ளைகள் சேர்ந்து சோதனை செய்தார்கள். புத்தகம் கேள்விகளைத்தான் தந்தது. விடையை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் விடை அதில் இருக்காது! 1978இல் மாவட்டம் முழுவதும் பரவிய அந்தத் திட்டம் 2002இல் அரசு ஆணையால் நிறுத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் சாதாரண அரசுப் பள்ளிகளில் நடந்ததை, நடக்க முடியாது என்று எப்படிச் சொல்வது?

நம் கடற்கரையிலும் ஆசிரியரே இல்லாத ஒரு வகுப்பு நடக்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஆண்டின் முதல் மாதங்களில், முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடி இளைஞர்கள் இரவில் நடக்கிறார்கள். 1988இல் மாணவர்கள் தொடங்கிய அமைப்பு அது. மணலின் வெப்பம் கூடினால் குஞ்சுகளில் பெண்கள் அதிகம் என்ற பாடம் அங்கே காலடியில் கிடக்கிறது.

தவளைக்குத் திரும்புவோம். ஒரு நோட்டு வாங்குங்கள். முன்கூட்டி எதையும் வரைந்துவிடாதீர்கள். தேதி, நேரம், அன்று மழை எவ்வளவு, எந்தக் குட்டை, எத்தனை விதக் குரல் என்று எழுதுங்கள். அந்தக் குட்டை அடுத்த ஆண்டு இருக்கும் என்ற உறுதியில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் அதன் பெரும்பகுதி சாலையும் கட்டடமுமாகிவிட்டது. சேர்ப்பார் இல்லாத சிறு குட்டைகளுக்கு உங்கள் நோட்டைத் தவிர வேறு பதிவு கிடையாது.

தலைப்பிரட்டைக்குப் பின்கால்கள் முதலில் தெரியும். முன்கால்கள் தோலுக்கு அடியில் மறைந்து வளர்ந்து, ஒருநாள் திடீரென்று வெளியே வரும். செவுள் நீர் வெளியேறும் துளை அதன் உடலில் ஒரு பக்கம்தான் இருக்கிறது; எந்தப் பக்கம் என்று பாருங்கள். பத்துத் தலைப்பிரட்டைகளிலும் எந்த முன்கால் முந்தி வருகிறது, இடதா வலதா? எண்ணி எழுதிவிட்டு, அவற்றை எடுத்த குட்டையிலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.